கம்பைலர் நாற்காலி

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் மலர்விழி போன் செய்தார். புதுக்கோட்டையில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில் மென்பொருள் பிரிவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. குரலில் பதற்றம் இருந்தது.

"அண்ணே, புது கம்பைலர் போட்டோம். மொத்தமும் பில்ட் ஆயிருச்சு. ஒரு வார்னிங்கூட வரலண்ணே."

"நல்லதுதானம்மா."

"என்னண்ணே நல்லதுங்குறீங்க? நம்ம வார்னிங் வரல. அது வரணும்ல? பயந்துட்டேன். ஃபைலே பில்டுல சேரலையோன்னு திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். சேந்துதான் இருக்கு."

வார்னிங் வரவில்லை என்று ஒருவர் பயப்படுவது வெளியே இருப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். அங்கே இப்போது வேலை செய்யும் இளைஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. வார்னிங் வந்தால் அதைத் தானே சரிசெய்து தரும் கருவிகள் அவர்களிடம் வந்துவிட்டன. ஒரு வரிக்காக இத்தனை வருடம் எதற்குக் காவல் இருந்தீர்கள் என்று கேட்டு, விவரத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைப் படித்து, இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். மொத்த நிரலையும் அப்படி மாற்றி எடுப்பதை பில்ட் என்போம். படிக்கும்போது தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் கம்பைலர் நின்றுவிடும். சந்தேகம் மட்டும் என்றால் நிற்காது. ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போகும். அந்த வரிதான் வார்னிங். சந்தேகங்களில் பல நியாயமானவை. சில பொய். நிரல் சரியாக இருந்தும், கம்பைலரால் அதைப் புரிந்துகொள்ள முடியாததால் வருபவை. தராசு, வெப்பமானி, பட்டன் போன்ற உறுப்புகளோடு நேரடியாகப் பேசும் நிரலை டிரைவர் என்போம். டிரைவர் நிரலில் பொய் வார்னிங் அதிகம். வெளியே இருக்கும் உறுப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது கம்பைலருக்குத் தெரியாது.

என் ஊர் அரிமளம். கல்லூரியில் இயற்பியல் படித்த காலத்தில் ஒரு நாளிதழுக்கு எங்கள் பகுதிச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். விபத்து, திருவிழா, பேரூராட்சிக் கூட்டம். நிருபராகவே ஆகியிருப்பேன், திருச்சியில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தது வழியை மாற்றியது. பிறகு சென்னை, பெங்களூரு. பிரிண்டர், கார்டு தேய்க்கும் கருவி, மருத்துவமனை மானிட்டர் என்று பலவற்றுக்கு டிரைவர் எழுதினேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, அதே வேலை புதுக்கோட்டையிலேயே இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். நேரில் வந்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கம்பெனி ஊருக்குச் சற்று வெளியே இருந்தது. கீழ்த்தளத்தில் உறுப்புகளைச் சேர்த்துக் கருவிகளைப் பூட்டுவார்கள். மாடியில் நாங்கள் ஆறேழு பேர் நிரல் எழுதுவோம். கிராமத்துப் பால் சங்கங்களுக்கான கருவி அது. கேனைத் தராசில் வைத்தால் எடை காட்டும். பாலில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் உள்ள கிண்ணத்தில் ஊற்றினால் கொழுப்பையும் அடர்த்தியையும் அளக்கும். கடைசியில் ஒரு சீட்டு வரும். பாலை எடுத்துக்கொள்வதா, தண்ணீர் கலந்தது என்று திருப்பி அனுப்புவதா என்பதைச் சங்கம் அந்தச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யும்.

மாடிக்குத் தலைவர் துரைராஜ் சார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். உயரமாக, ஒல்லியாக இருப்பார். திருமயத்திலிருந்து பஸ்ஸில் வருவார். புதிதாகச் சேர்ந்தவர்களையும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். குரல் இன்னும் தணியும். அவர் அறையில், வருபவர்களுக்காக எதிரே கிடந்த ஸ்டூலைத் தவிர, இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடைய மர நாற்காலி. மற்றது நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை உடைந்தது. யாராவது ஒரு வார்னிங்கைப் பொய் என்று சொல்லிக்கொண்டு வந்தால், அவர் எழுந்து நீல நாற்காலிக்கு மாறிவிடுவார். அதில் உட்கார்ந்திருக்கும் வரை அவர்தான் கம்பைலர். அந்த ஒரு ஃபைலில் எழுதியிருப்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியாது. வந்தவர் எதிரே உட்கார்ந்து, வார்னிங் பொய்தான் என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

இது தெரியாமல் நான் முதல் வாரமே போய் மாட்டிக்கொண்டேன். பட்டன்களுக்கான டிரைவரில் ஒரு வார்னிங் வந்திருந்தது.

"சார், இது பொய் வார்னிங். மதிப்பு வைக்காமலே படிச்சிருவேன்னு சொல்லுது. அப்படி ஆகவே ஆகாது."

அவர் இடம் மாறி உட்கார்ந்தார். "ஏன் ஆகாதுங்க?"

"பட்டன் அமுங்கியிருக்கும், இல்லன்னா அமுங்காம இருக்கும். ரெண்டுக்கும் மதிப்பு வச்சிருக்கேன்."

"மூணாவதா ஒண்ணு வந்தா?"

"வராது சார். மேனுவல்லயே போட்டிருக்கு."

"எனக்கு அந்த மேனுவல் தெரியாதுங்க."

"உங்க மேசை மேலதான சார் இருக்கு?"

"மேசை துரைராஜோடதுங்க. நான் கம்பைலரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு வந்தேன். வார்னிங் போய்விட்டது.

நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. கம்பைலருக்கே புரியும்படி நிரலைத் திருத்தி எழுதலாம். அது முடியாவிட்டால், வார்னிங் ஏன் பொய் என்ற காரணத்தை அந்த இடத்திலேயே குறிப்பாக எழுதி, பெயரைப் போட்டு, வார்னிங்கை அப்படியே வரவிடலாம். மூன்றாவது வழி ஒன்று எல்லா ஊரிலும் நடப்பில் இருந்தது. அதைத்தான் அவர் தடை செய்திருந்தார்.

அந்த வழி மிகச் சுலபமானது. நிரலில் வேரியபிள் என்பது பெயர் எழுதிய டப்பா. டப்பாவில் ஒன்றும் போடாமலே திறந்து எடுத்துவிடுவீர்களோ என்பது கம்பைலரின் சந்தேகம். ஆரம்பத்திலேயே அதில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்த டப்பாவைப் பற்றிக் கம்பைலர் அதற்குப் பிறகு எப்போதும் பேசாது. நாளைக்கு ஒருவர் நிரலை மாற்றும்போது, உண்மையிலேயே டப்பாவை நிரப்ப மறந்துவிட்டாலும் பேசாது. உள்ளேதான் பூஜ்யம் இருக்கிறதே.

நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து மலர்விழி வந்தார். வல்லத்திராக்கோட்டைப் பெண். கணவருக்குத் துபாயில் வேலை. கைக்குழந்தையைத் தாயார் செல்லம்மாளிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவார். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல், படித்த படிப்புக்கு அவருக்குக் கிடைக்கக்கூடிய வேலை இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தகுதிகாண் காலத்தில் இருந்தபோதே பாலை அளக்கும் பகுதிக்கான டிரைவரை அவரிடம் கொடுத்தார் துரைராஜ் சார். அந்த ஃபைலில் ஒரு வார்னிங் வந்தது. மலர்விழி மடிக்கணினியோடு போய் எதிரே உட்கார்ந்தார். கருவியின் மின்சுற்று வரைபடம் என்னிடம் இருந்ததால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ரெடின்னு வந்தா மதிப்பு வைக்கிறேன் சார். பின்னால, ரெடியான்னு கேட்டுட்டுத்தான் எடுக்குறேன். வைக்கிற எடத்துலயும் எடுக்குற எடத்துலயும் ஒரே கேள்விதான்."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவோ நடக்குதுங்க. ரெண்டாந் தடவையும் அதே பதில்தான் வரும்னு எனக்குத் தெரியாதுங்க."

"நடுவுல அதை யாரும் தொடல. வரி வரியாக் காட்டுறேன், பாருங்க."

காட்டினார். துரைராஜ் சார் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கையை உயர்த்தினார்.

"சரிங்க. நான் சொன்னது பொய்தான். எனக்கு அவ்வளவு தூரம் ஞாபகம் வச்சுக்க முடியல. ஒரு பூஜ்யம் போட்டு என் வாயை அடைச்சிருங்களேன்?"

அது பரீட்சை என்று எனக்குத் தெரிந்தது. மலர்விழிக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"மாட்டேன் சார். இப்ப நீங்க கத்துறது பொய். நாளைக்கு மெய்யாவே கத்த வேண்டி வந்தா? நீங்க பாட்டுக்குக் கத்திட்டே இருங்க."

அந்த வார்னிங் அப்படியே இருந்துவிட்டது. அதற்கு மேலே நான்கு வரிக் குறிப்பு, கீழே மலர்விழியின் பெயர், துரைராஜ் சாரின் ஒப்புதல். ஒவ்வொரு பில்டிலும் அந்த ஒரு வரி வரும். 'நம்ம வார்னிங்' என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் கருவிகளை மொத்தமாக வாங்கும் நிறுவனத்திலிருந்து பிரசாத் என்ற பொறியாளர் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பில்டில் வார்னிங் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஒரு வாரம் எல்லோரும் முறைபோட்டு நீல நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தோம். துரைராஜ் சார் காலையிலிருந்து மாலை வரை கம்பைலராகவே இருந்தார். டீகூட அந்த நாற்காலிக்கே போனது. எஞ்சியது மலர்விழியின் வரி மட்டும்.

பிரசாத் வந்தவுடனே, மதியத்துக்குள் முடித்துக்கொண்டு சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பில்டை ஓடவிட்டோம். மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே சார், அதையும் அடிச்சு விட்ருக்கலாமே?"

"அது பொய் வார்னிங்ங்க."

"பொய்னா எதுக்கு சார் வச்சிருக்கீங்க?"

துரைராஜ் சார் விளக்கினார். பிரசாத் பாதியிலேயே மணியைப் பார்த்தார். ஒப்புதல் கொடுத்தார்; ஓர் ஓரத்தில் அந்த வரியைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்துப் புகார்கள் வந்தன. ஒருசில சங்கங்களில் நல்ல பாலுக்குத் தண்ணீர் கலந்த பால் என்று சீட்டு வருகிறது. எப்போதும் வருவதில்லை. காலையில்தான், அதுவும் சிலருக்குத்தான். அந்தச் சங்கங்களில் ஒன்று வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருந்தது. மலர்விழியின் தாயார் பால் ஊற்றும் சங்கம்.

"எங்கம்மா என்ன சொல்லுச்சு தெரியுமாண்ணே?" என்று மலர்விழி என்னிடம் சொன்னார். "'ஏன்டி, ஒன் மிசினு என்னையத் தண்ணி ஊத்துறவன்னு சீட்டு அடிச்சுக் குடுக்குது. இதுக்கு ஒனக்குச் சம்பளம் வேற குடுக்குறாகளா?'ங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் கூட்டத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பிரசாத் வந்திருந்தார். எங்கள் முதலாளியும் இருந்தார். கருவி பூட்டுவதில் கெட்டிக்காரர், நிரல் அவருக்குப் புரியாது. பிரசாத் தான் குறித்து வைத்திருந்ததைப் படித்தார். மொத்த நிரலிலும் வார்னிங் உள்ள ஃபைல் ஒன்றே ஒன்று. அது பாலை அளக்கும் ஃபைல். மதிப்பு வைக்காமலே எடுக்கக்கூடும் என்பது வார்னிங். இப்போது மதிப்பு தப்பாக வருகிறது.

"கம்பைலரே சொல்லியிருக்கு. இவங்க கேக்கல. வேற என்ன சார் வேணும்?"

முதலாளி மலர்விழியைப் பார்த்தார். "என்னம்மா இது? சாதி சனத்துக்குள்ள ஒரு அம்மாவப் பாலுல தண்ணி கலந்தவன்னு சொன்னா அது சும்மாவா? திங்கக்கிழமைக்குள்ள என்னன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்க. எனக்கு வேற வழியில்ல."

"அந்த வார்னிங் பொய்னு ஒப்புதல் போட்டவன் நான்" என்றார் துரைராஜ் சார்.

"அப்ப தப்பு எங்க சார் இருக்கு?" என்று பிரசாத் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க."

நீல நாற்காலியில் இல்லாமல் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆபீசில் ஆனமட்டும் முயன்றோம். பாக்கெட் பாலை ஊற்றி ஊற்றி அளந்தோம். ஒருமுறைகூடத் தப்பு வரவில்லை. அதனால் நானும் மலர்விழியும் ஒரு காலையில் அந்தச் சங்கத்துக்கே போனோம். கருவி உள்ளே அளக்கும் ஒவ்வொரு மதிப்பையும் திரையில் காட்டும்படி என் மடிக்கணினியை அதில் இணைத்தேன். மலர்விழி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் சுவரோரமாக நின்று மனிதர்களைப் பார்த்தேன். பழைய தொழிலில் பழகியது.

ஆபீசில் நடக்காத ஒன்று அங்கே நடந்தது. நாங்கள் ஒரு கேனை எடை போட்டு, பாலை அளந்து, சீட்டை எடுத்த பிறகுதான் அடுத்ததை வைப்போம். சங்கத்தில் அப்படி இல்லை. ஒருவரின் பால் கிண்ணத்தில் அளக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் கேனைத் தராசில் ஏற்றிவிடுவார். அது வரிசையில் இடம் பிடிக்கும் முறை. கேன் தராசில் இருந்தால் ஆள் வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம், முறை போகாது. செல்லம்மாளின் பால் கிண்ணத்தில் இருந்தபோது பின்னாலிருந்த பெண் கேனைத் தொப்பென்று வைத்தார்.

"யாரு கேனு இது? எடுங்கக்கா, எங்கம்மாவோடது இன்னும் முடியல" என்றார் மலர்விழி.

"வச்சா ஒங்க தராசு தேஞ்சா போகும்? எடத்த விட்டா கடைசிக்குப் போகச் சொல்லுவாக. நான் போயிப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பணும்ல?"

சீட்டு வந்தது. தண்ணீர் கலந்த பால்.

"பாத்தியா? ஒன் கண்ணு முன்னாடியே சொல்லுது பாரு" என்றார் செல்லம்மாள். சீட்டை மகளின் மடிக்கணினி மேல் வைத்தார். "இப்பத்தான் கறந்துட்டு வாரேன். சூடுகூட ஆறல."

மலர்விழி சீட்டைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுப்பு சரியாக இருந்தது. அடர்த்தியும் சரியாக இருந்தது. அவருடைய டிரைவர் கொடுக்கும் மதிப்புகள் அவை. மூன்றாவதாக ஒரு மதிப்பு இருந்தது: பாலின் வெப்பநிலை. அது பூஜ்யம் என்று இருந்தது. நான் செல்லம்மாளின் கேனைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இதற்குமேல் கணக்கு எளிது. குளிர்ந்த பாலுக்கு அடர்த்தி அதிகம். அதனால் கருவி, பால் குளிர்ந்திருந்தால் அதற்குத் தக்கபடி அடர்த்தியைக் குறைத்துக் கணக்கிடும். கறந்த சூடு ஆறாத பாலை ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பால் என்று அது நினைத்துக்கொண்டால், இல்லாத குளிருக்காக நிறையக் கழித்துவிடும். கழித்த பிறகு மிஞ்சுவது தண்ணீர் கலந்த பாலின் அடர்த்தி.

அன்று காலை தப்பாக வந்த சீட்டுகள் எல்லாமே, பின்னாலிருந்தவர் அவசரப்பட்டுக் கேனை ஏற்றியபோது வந்தவை. மாலையில் இந்த அவசரம் யாருக்கும் இல்லை. தராசும் கிண்ணத்தில் உள்ள வெப்பமானியும் ஒரே கம்பியில் பேசுபவை. தராசில் எடை ஏறி ஆடும்போது கம்பி முழுக்க அதன் பேச்சாக இருக்கும்; வெப்பமானி காத்திருந்து மறுபடி முயல வேண்டும்.

"என் மதிப்பு சரியாத்தாண்ணே இருக்கு" என்றார் மலர்விழி. சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் குரலைத் தணித்துக்கொண்டார். வெப்பமானிக்கான டிரைவரை எழுதியவர் துரைராஜ் சார். அந்த ஃபைலில் ஒரு வார்னிங்கூட இல்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மலர்விழி டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருகிட்ட எப்படிண்ணே சொல்றது? எனக்காகப் பேசுன மனுசன். நான் தப்பிக்கிறதுக்காக அவரு மேல கையக் காட்டுறேன்னு நெனச்சிட்டாருன்னா?"

"நீ எதுவும் சொல்ல வேணாம். அவர் நமக்குப் பண்ணுனதை நீ அவருக்குப் பண்ணு."

ஆபீசுக்கு வந்ததும் அவர் அறைக்குப் போனோம். வெப்பநிலை பூஜ்யமாக வருகிறது என்பதை மட்டும் நான் சொன்னேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மலர்விழி நீல நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரணுமா? உக்காருங்க" என்றார் துரைராஜ் சார். "நீங்க இங்கிட்டு வாங்க. நான் அங்கிட்டு உக்காந்துக்கிறேன்."

கேள்வி கேட்கப்படுபவரின் இடத்தில் மடிக்கணினியோடு அவர் உட்கார்ந்தார். மலர்விழி நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"வெப்பநிலை டப்பாவுல யாரு சார் மதிப்பு வைக்கிறா?"

"வெப்பமானி ரெடின்னு குறிச்சா நான் வைக்கிறேன்."

"ரெடின்னு எந்தெந்த எடத்துல குறிக்கிறீங்க?"

"ஒரு எடத்துலதாங்க."

"ஒரு எடந்தானான்னு எனக்குத் தெரியாதுங்க சார். காட்டுங்க."

அவர் திரையை நகர்த்தினார். முதல் இடம். ரெடி என்று குறித்து, மதிப்பையும் வைத்திருந்தது. மேலும் நகர்த்தினார். கம்பி காலியாக இல்லாதபோது காத்திருந்து மறுபடி முயலும் பகுதி. சில மாதங்களுக்கு முன்னால் சேர்த்தது. அங்கேயும் ரெடி என்று குறித்திருந்தது. திரை அங்கேயே நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"இந்த வழியில மதிப்பு வைக்கலைங்க" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது.

"அப்ப நான் கத்தியிருப்பேனே சார்."

"கத்தியிருப்பீங்க."

"ஏன் கத்தல?"

"ஆரம்பத்துலயே அதுல ஒரு பூஜ்யம் இருக்கு."

"யாரு வச்சா?"

"நான்தாங்க. பிரசாத் வந்த வாரத்துல."

"எதுக்கு சார்?"

"ஒங்க வாயை அடைக்க."

அந்த வாரத்தில் அவருடைய ஃபைலிலும் ஒரு பொய் வார்னிங் இருந்திருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் அவர் கம்பைலராக உட்கார்ந்தார். அவருக்கு உட்கார ஆள் இல்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பூஜ்யம் வைத்த அன்று அதனால் ஒரு தீங்கும் இல்லை. அவர் நினைத்தபடியே அந்த வார்னிங் பொய்தான். பிறகு மறுமுயற்சிப் பகுதியைச் சேர்த்தபோது அது மெய்யாகியிருக்கும்; பூஜ்யம் இருந்ததால் வரவே இல்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூஜ்யத்தை எடுத்தார். பில்டை ஓடவிட்டார். மஞ்சளாக வரி வந்தது. மூவரும் அதைப் படித்தோம். விட்டுப்போன வரியை அவரே எழுதினார். மலர்விழி தராசின் மேல் கையை வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க, நான் சூடான பாலை ஊற்றினேன். வெப்பநிலை சரியாக வந்தது.

அவர் உடனே கீழே போனார். நானும் பின்னால் போனேன்.

"தப்பு என் ஃபைல்ல. வார்னிங் இல்லாத ஃபைல்ல" என்றார் முதலாளியிடம்.

முதலாளிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அப்ப அந்தப் பிள்ளையோட வார்னிங்?"

"அது பொய்ங்க. அன்னைக்கும் பொய். இன்னைக்கும் பொய்."

"பொய் சொன்ன ஃபைலு நல்லாருக்கு, வாயைத் தொறக்காத ஃபைலு கெட்டுப்போச்சா? என்னய்யா தொழிலு இது" என்றார் முதலாளி. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு வேலையை உறுதி பண்ணிருங்க. நீங்க போயி வேலையப் பாருங்க" என்றார். துரைராஜ் சாரைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிரசாத்திடம் துரைராஜ் சாரே போனில் பேசினார். கடைசியில், "அந்த ஒரு வரி இருக்கட்டும் சார்" என்றார் பிரசாத்.

சங்கங்களில் நிரலை மாற்றினோம். தண்ணீர் கலந்ததாகச் சீட்டு வாங்கியவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கருவியின் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் செய்தார் முதலாளி. வல்லத்திராக்கோட்டையில் செல்லம்மாள் புதுச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பவாச்சும் ஒன் மிசினுக்குப் புத்தி வந்துச்சே" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பின்னாலிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே நீ கேனை எங்க வேணாலும் வையிடி."

ஆபீசில் ஒரு மாற்றம்தான் நடந்தது. நீல நாற்காலியை அறையிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் போட்டார் துரைராஜ் சார். யாருக்கு வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம். தன்னுடைய ஃபைல்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு எதிரே முதலில் உட்கார்ந்தவர் அவர்தான். அந்த வாரம் முழுவதும் மாறி மாறி நாங்கள் கம்பைலராக இருந்தோம். டீ இப்போது எங்களுக்கு வந்தது.

அவர் ஓய்வு பெற்றார். பிறகு நான். அந்த இடத்துக்கு மலர்விழி வந்தார். அவர் மகள் இப்போது பள்ளியில் மேல்வகுப்பு. இளைஞர்கள் சொல்லும் தானியங்கிக் கருவிகளை நானும் வாங்கிப் பார்த்தேன். பல வார்னிங்குகளை என்னைவிட நன்றாகவே தீர்க்கின்றன. சிலவற்றுக்குப் பூஜ்யம் வைக்கின்றன. எதற்கு வைத்தாய் என்று எதிரே ஒருவர் கேட்டால் போதும். கருவியின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மறுபடி போனுக்கு வருகிறேன்.

"கம்பைலருக்குக் கண்ணு தெரியாமப் போயிருச்சோன்னு சோதிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"சோதிச்சேண்ணே. மதிப்பு வைக்கிற வரியை வேணும்னே எடுத்துட்டு பில்ட் போட்டேன். ஒடனே கத்துச்சு. திரும்ப வச்சேன். பேசாம இருக்கு."

"எடுக்குற எடத்துல ரெடியான்னு கேக்குறதை நீக்கிப் பாத்தியா?"

"அதுக்கும் கத்துச்சு."

அப்படியானால் அதற்குப் பார்வை போகவில்லை, கூடியிருக்கிறது. வைக்கிற இடத்திலும் எடுக்கிற இடத்திலும் ஒரே கேள்வி என்பதைப் புதிய கம்பைலரால் தொடர்ந்து பார்க்க முடிகிறது. மலர்விழி அன்றைக்கு வரி வரியாகக் காட்டியதை அது இப்போது தானாகவே படித்துக்கொள்கிறது.

"மேல அந்த நாலு வரிக் குறிப்பு இருக்குல்லண்ணே, என் பேரு போட்டு. வார்னிங்கே இல்லாதப்ப குறிப்பு எதுக்குன்னு இங்க பசங்க கேக்குறாங்க. எடுக்கணும்னா நாற்காலிக்கு எதிர்ல உக்காரணும். துரைராஜ் சாருக்குப் போன் பண்ணுனேன். 'அந்த ஃபைலுக்கு நான் உக்காந்தது போதுங்க, அன்னைக்குக் கூட இருந்தவர்கிட்ட கேளுங்க'ன்னுட்டாரு."

"இப்ப நான் உக்காந்துருக்கேனா?"

"உக்காந்துட்டீங்கண்ணே. நீங்கதான் கம்பைலரு. நான் கேக்குறேன். வைக்கிற எடத்துலயும் எடுக்குற எடத்துலயும் ஒரே கேள்விதான். நடுவுல யாரும் தொடல. என்ன சொல்றீங்க?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இதற்குச் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். இந்த முறை அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியுதுங்க" என்றேன். "எடுத்துருங்க."